பெருவிரலின் நடை

யாழ்ப்பாணம் – ஆனையிறவு

எங்கள் ஊரில் ஒரு தவில் வித்துவானைப் பற்றிப் பேச்செழுந்தால், அவருடைய வாசிப்பு மனத்துக்கு இதமாக இருந்ததா என்று எவரும் முதலிற் கேட்பதில்லை; கணக்குச் சரியாக வந்து இறங்கியதா என்றே கேட்பார்கள். அளவெட்டியும் இணுவிலும் தவிலுக்குப் பேர்போன இடங்களாக விளங்கும் நாட்டிற் பிறந்து, தட்சணாமூர்த்தியின் விரல்களைப் பற்றிய கதைகளைத் திருவிழா வீதிகளிற் கேட்டு வளர்ந்த ஒருவனுக்கு, எந்தச் சங்கீதத்தையும் விரல்விட்டு எண்ணிப் பார்க்கும் வழக்கம் வந்து சேர்வது இயல்பே. ஆகவே, நடுவயதிலே, கொழும்பில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கிய கித்தார் ஒன்றின் மூலமாக, அமெரிக்க நாட்டுக் கறுப்பின மக்களின் புளூஸ் என்னும் கிராமிய சங்கீதத்தின்மேல் எனக்கு மோகம் பிறந்தபோது, நான் முதலிற் செய்த காரியம், ஒரு கொப்பியை எடுத்து, அதிற் கட்டங்கள் கீறி, எந்த வித்துவான் எத்தனை விரல்களால் வாசித்தார் என்று எழுதத் தொடங்கியதுதான்.

அந்தச் சங்கீதத்தைக் கேட்டறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவேண்டும். பழைய கிராமத்துப் புளூஸ்காரர் பலர் தனியாட்களாகவே பாடினர். பக்கத்தில் மேளம் இல்லை, பின்னாற் பாடுவாரும் இல்லை. கித்தாரின் ஆறு தந்திகளில் தடித்தவற்றைப் பெருவிரல் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள, மெல்லியவற்றிலே சுட்டுவிரலும் நடுவிரலும் பாட்டின் மெட்டைப் பேசும். ஒரே கை இரண்டு ஆட்களாகப் பிரிந்து வேலை செய்யும் இந்த வித்தையை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் செய்தனர். கேட்டவுடனே இன்னார் என்று சொல்லிவிடலாம்.

என் கொப்பியின் முதற் பக்கம் மிசிசிப்பி ஜோன் ஹேர்ட் என்பவருக்கு உரியது. அவர் அவலோன் என்ற சிற்றூரிலே விவசாயம் செய்தவர். 1928 ஆம் ஆண்டிற் சில இசைத்தட்டுகளைப் பதிந்துவிட்டு, அவை விலைபோகாமையால் மறுபடியும் வயலுக்கே திரும்பி, முப்பத்தைந்து வருஷம் உலகத்தால் மறக்கப்பட்டிருந்தார். அந்த இசைத்தட்டுகளுள் ஒன்றிலே தம் ஊர்ப்பெயரைச் சொல்லி அவர் பாடியிருந்ததைத் தடயமாகக் கொண்டு, ரொம் ஹொஸ்கின்ஸ் என்ற இரசிகர் 1963 இல் அவ்வூருக்குப் போய் அவரைக் கண்டுபிடித்தபோது, கிழவரிடம் சொந்தமாக ஒரு கித்தார்கூட இருக்கவில்லை. வந்தவரின் கித்தாரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டே அவர் மறுபடியும் வாசித்தார். மோதிரவிரலையும் சின்னிவிரலையும் கித்தாரின் பலகையிலே ஊன்றி, பெருவிரலால் இரு தடித்த தந்திகளை மாறிமாறித் தொட்டு, எஞ்சிய இரு விரல்களால் மெட்டை எடுப்பது அவர் முறை.

இரண்டாம் பக்கம் கேரி டேவிஸ் என்ற போதகருக்கு உரியது. தெற்குக் கரோலைனாவிற் பிறந்து, கண்பார்வை இன்றி, நியூயோர்க்கின் ஹார்லம் வீதிகளிற் பிரசங்கமும் பாட்டுமாக வாழ்ந்தவர் அவர். பெருவிரலும் சுட்டுவிரலுமாகிய இரண்டே விரல்களால், பியானோவில் இரு கைகள் செய்யும் வேலையைச் செய்தவர். எங்கள் தவில்காரர் வலக்கை விரல்களிற் கூடு மாட்டுவதுபோல அவரும் அவ்விரு விரல்களிலும் கூடு மாட்டுவார்; ஹேர்ட்டோ வெறும் விரற்சதையாலே தொடுவார். ‘கூடு உண்டு’, ‘கூடு இல்லை’ என்று அதற்கும் நான் ஒரு கட்டம் போட்டிருந்தேன்.

இவ்வளவு எழுதியும் பயன் என்னவென்றால், என் விரல்கள் தவறாமல் விழுந்தன. பாட்டு மாத்திரம் வரவில்லை. மாலையில் விறாந்தையிலிருந்து நான் வாசித்து ஓய்ந்ததும், “ரைப் அடிச்சு முடிஞ்சுதோ?” என்று அடுக்களையிலிருந்து மனைவி கேட்பாள்.

முள்ளியவளையில் வயோதிகரான கூத்து அண்ணாவியார் ஒருவர் இருக்கிறார் என்றும், மத்தளத்தில் அவர் விரல்கள் செய்யும் ஜாலத்தைப் பார்க்கவேண்டும் என்றும் நண்பர் ஒருவர் சொல்லக் கேட்டு, கொப்பியில் இன்னொரு பக்கம் நிரம்பும் என்ற ஆசையோடு, மாசி மாதத்து விடியற்காலை ஒன்றிலே கித்தாரையும் சுமந்துகொண்டு புறப்பட்டேன். யாழ்ப்பாணத்து மண்ணில் எங்கு நோக்கினும் வேலி. காணிக்கு வேலி, கிணற்றடிக்கு வேலி, வேலிக்கும் அப்பால் அயலவரின் வேலி. ஆனையிறவிலே அந்த வேலிகளெல்லாம் முடிந்துபோகின்றன. இருபுறமும் ஆழமற்ற கடல்நீர் வெயிலிலே தகடுபோற் கிடக்க, உப்பளத்துப் பாத்திகள் வெண்மையாய்ப் பூத்திருக்க, வானம் திடீரென்று நான்கு மடங்கு பெரிதாகிவிட்டது போன்ற ஒரு பிரமை உண்டாகும். வன்னி அங்கே தொடங்குகிறது.

கிளிநொச்சி – இரணைமடு

பரந்தனைக் கடந்ததும் தெருவின் ஒரு ஓரம் முழுவதும் பொன்னிறமாக மாறியது. காலபோக அறுவடை முடிந்து, நெல்லைத் தார் வீதியிலே காயப் போட்டிருந்தார்கள். சைக்கிளும் லொறியும் அதற்கு மரியாதை செய்து விலகிப் போயின. கரடிப்போக்குச் சந்தியை அண்டிய ஓரிடத்திலே இறங்கி நின்றேன். எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெரியவர், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, பரவிக் கிடந்த நெல்லின்மேல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பாதங்களை உயர்த்தாமல் இழுத்து இழுத்து நடந்துகொண்டிருந்தார். இடக்கால் ஒரு சால் கீறும். வலக்கால் அதன் பக்கத்தில் ஒரு சால் கீறும். அடியிலிருந்த ஈரநெல் மேலே வரும். முனைக்குப் போய்த் திரும்பி, கீறிய சாலுக்குக் குறுக்காக மறுபடியும் கீறுவார். அவர் அவசரப்படவும் இல்லை, தாமதிக்கவும் இல்லை. சரக், சரக் என்ற அந்த ஓசை நான் நின்ற கால்மணி நேரமும் ஒரே சீராகக் கேட்டது.

“ஐயா, அருவி வெட்டுப் பாட்டு ஏதும் ஞாபகம் இருக்கோ?” என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்து என்னையும் என் தோளிலிருந்த பெட்டியையும் பார்த்தார். “மெசினுக்கு என்னத்துக்குத் தம்பி பாட்டு?” என்றார், மறுபடியும் நடக்கத் தொடங்கிவிட்டார்.

அந்த ஒரு வார்த்தை இரணைமடுக் குளக்கட்டு மட்டும் என்னோடு கூட வந்தது. கனகராயன் ஆற்றை மறித்து, சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிற் கட்டப்பட்ட அந்தப் பெருங்குளம், கட்டிலே நின்று பார்ப்பவனுக்குக் கடலோ என்ற மயக்கத்தைத் தருவது. கனகாம்பிகை அம்மன் ஆலயத்து மணியோசை நீரின்மேல் மிதந்து வந்தது. கிணற்றிலே துலாவால் அள்ளிய நீரைக் கணக்குப் பார்த்துப் பாய்ச்சிய யாழ்ப்பாணத்து முன்னோர், காணி பெற்று இங்கே வந்து காடு வெட்டிக் குடியேறியபோது, இவ்வளவு நீரையும் ஒருங்கே கண்டு என்ன நினைத்தார்களோ! பின்னர், இனக்கலவரங்களால் மலையகத்திலிருந்து விரட்டப்பட்டவர்களும் இந்தக் காட்டோரங்களிலேதான் வந்து குடிசை போட்டார்கள். புளூஸ் பிறந்த மிசிசிப்பி டெல்ராவும் இத்தகையதே. சதுப்பும் பெருங்காடுமாகக் கிடந்த நிலம், கறுப்பின உழைப்பாளரின் கோடரியினாலே பருத்தி வயலாயிற்று. ஆற்றை மறித்த மண்ணணைகளின் நிழலிலே அவர்கள் வாழ்ந்தார்கள். 1927 இல் அந்த அணைகள் உடைந்த பெருவெள்ளத்தைப் பற்றி அவர்கள் பாடிய பாட்டுகள் அநேகம். 2018 மார்கழி வெள்ளத்தைப் பற்றிக் கிளிநொச்சியாரிடம் பேச்சுக் கொடுத்தால், பாட்டு இல்லாவிட்டாலும் கதை அரைநாளுக்குக் குறையாது.

மெசின் வந்த கதையும் டெல்ராவிலே உண்டு. கிளார்க்ஸ்டேல் என்ற ஊருக்கு அருகிலே ஹொப்சன் பண்ணையில் 1944 ஆம் ஆண்டு பருத்தி பறிக்கும் இயந்திரங்களை ஊரார் முன்னிலையில் ஓட்டிக் காட்டினார்கள். அதன்பின் வயலிலே கூடிப் பாடுவதற்கு ஆட்கள் தேவைப்படவில்லை. ஆட்கள் வடக்கு நகரங்களுக்குப் புகைவண்டி ஏறினார்கள். வயலை இழந்த பாட்டு அவர்களுடைய கித்தார்ப் பெட்டிகளிலே கூடப் போயிற்று. எங்கள் அருவி வெட்டுப் பாட்டுக்கு அப்படியொரு பெட்டி வாய்க்கவில்லை.

முறிகண்டி

முறிகண்டிப் பிள்ளையாரைத் தரிசிக்காமல் இந்தத் தெருவாலே எந்த வாகனமும் போவதில்லை. சாரதிமார் இறங்கித் தேங்காய் உடைப்பர். பயணிகள் இறங்கிக் கச்சான் வாங்குவர். தெய்வத்துக்கும் கச்சானுக்கும் இடையே இங்கு நிலவும் சமரசம் வேறெந்தத் தலத்திலும் நான் கண்டதில்லை.

வரிசையாக இருந்த கடைகளில் ஒன்றிலே ஒரு தாயார் கச்சான் வறுத்துக்கொண்டிருந்தார். அடுப்பிலே பெரிய தாச்சி, தாச்சியிலே கறுத்துக் காய்ந்த மணல், மணலுக்குள் கச்சான். வலக்கையிலிருந்த அகப்பை மணலைக் கிளறிக்கொண்டிருக்க, இடக்கை கடதாசிச் சுருளிலே கச்சானை அளந்து போட்டது, காசை வாங்கியது, மிச்சத்தை எண்ணிக் கொடுத்தது, மடியில் ஏற முயன்ற பேரப்பிள்ளையைத் தடுத்தது. வாய் அடுத்த கடைக்காரியோடு ஏதோ வழக்குப் பேசியது. இவ்வளவுக்கும் அகப்பையின் காலப்பிரமாணம் அணுவளவும் பிசகவில்லை. கச்சான் கருகாதிருக்கவேண்டுமானால் அது பிசகக்கூடாது.

டெக்சாஸ் நாட்டு மான்ஸ் லிப்ஸ்கம் என் நினைவுக்கு வந்தார். 1895 இற் பிறந்து, ஆயுளின் பெரும்பகுதியைப் பிறர் நிலத்தை வாரத்துக்கு உழுது கழித்த அவர், தம் அறுபத்தைந்தாம் வயதில், 1960 இலேதான் முதன்முதலாக இசைத்தட்டிற் பாடினார். அதற்கு முந்திய காலமெல்லாம் சனிக்கிழமை இரவுகளில் அயற்கிராமத்து விருந்துகளிலே விடியும்வரை வாசித்து ஊராரை ஆடவைத்தவர். அவருடைய பெருவிரல் ஹேர்ட்டினுடையதைப் போல இரு தந்திகளுக்கிடையே நடமாடாது. ஒரே தடித்த தந்தியை, டும், டும், டும் என்று, அகப்பை மணலைக் கிளறுவதுபோலத் தட்டிக்கொண்டேயிருக்கும். மற்ற விரல்கள் தம் பாட்டுக்குப் பேசும், சிரிக்கும், வழக்காடும். ‘ஒரே தந்தி, மாற்றமில்லை’ என்று நான் அவருக்கு எழுதியிருந்தேன். அதை ஒரு குறையாகவே எழுதியிருந்தேன் என்பது கச்சானைக் கொறித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறியபோதுதான் புரிந்தது.

மாங்குளம் – ஒட்டுசுட்டான்

மாங்குளத்திலே பெருந்தெருவை விட்டுக் கிழக்கே திரும்பினால் காடு. பாலையும் முதிரையும் வீரையுமாக நெருங்கி நிற்கும் அந்தக் காட்டினூடே, பஸ்ஸின் இரைச்சல் ஒன்றைத் தவிர வேறோர் ஒலி இல்லாமற் பயணம் செய்வது, சந்தடியிலே வளர்ந்த யாழ்ப்பாணத்தானுக்கு முதலிற் பயமாயும் பிறகு சுகமாயும் இருக்கும். காட்டுக்குள் போகலாகாது என்ற மிதிவெடி எச்சரிக்கைப் பலகைகளை முன்னொருமுறை இவ்வழியே வந்தபோது வரிசையாகக் கண்டிருக்கிறேன்; இம்முறை அவ்விடங்களில் மாடுகள் மேய்ந்தன. ஒட்டுசுட்டானிலே தான்தோன்றீஸ்வரர் கோயில் வீதியில் இறங்கி, மரநிழலில் இருந்த ஒரு தேநீர்க் கடையிலே பிளேன்ரீயும் உளுந்து வடையும் வாங்கினேன். கடைக்காரர் காசை வாங்குமுன், “ஆற்ற வீட்ட போறியள்?” என்று விசாரித்தார். அண்ணாவியாரின் பேரைச் சொன்னதும் காசை வாங்க மறுத்துவிட்டார். வன்னியிலே ஒருவன் விருந்தாளியாவதற்குப் போய்ச் சேரவேண்டிய அவசியமில்லை; புறப்பட்டாற் போதும்.

முள்ளியவளை

அண்ணாவியாரின் வீடு காட்டு விநாயகர் கோயிலிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்தது. சாணமிட்டு மெழுகிய முற்றம். முற்றத்தோரத்தில் ஒரு பலாமரம். அதன்கீழ் ஒரு சாய்மனைக் கதிரை. எண்பது வயதைக் கடந்த மெலிந்த மனிதர். கைகள் மாத்திரம் உடம்போடு சேராதவைபோலப் பெரியனவாயும் உறுதியாயும் இருந்தன. முல்லைத்தீவுப் பகுதிக்கு உரியதாய், முல்லைமோடி என்று பெயர்பெற்ற கோவலன் கூத்து மரபிலே வந்தவர்.

“உதென்ன தம்பி, பெட்டிக்க?”

“கிற்றார், ஐயா.”

“கோயிலடிப் பெடியள் வச்சிருக்கிறது. வாசியுங்கோவன், கேப்பம்.”

ஹேர்ட்டின் பாட்டொன்றை நான் எவ்வளவோ நாட்களாகச் சாதகம் பண்ணியிருந்தேன். ஒரு விரலும் பிசகாமல் வாசித்து முடித்தேன். அவர் கண்ணை நிலத்திலே பதித்தபடி முழுவதையும் கேட்டார்.

“விரல் எல்லாம் சரியாத்தான் விழுகுது. ஆனா, ஆடுறவன் ஆர்?”

எனக்கு விளங்கவில்லை. ஆட்டமில்லாத சங்கீதம் ஐயா இது, ஒருவர் தனியே இருந்து பாடுவது என்றேன்.

“அப்பிடி ஒரு பாட்டு இல்லைத் தம்பி. நான் மத்தளம் பழகப் போகேக்க என்ர அண்ணாவியார் மூண்டு மாசம் கையை மத்தளத்தில வைக்க விடேல்லை. களரியில ஆடுறவையின்ர காலைப் பார், காலை மட்டும் பார் எண்டு இருத்திப்போட்டார். மத்தளகாரனுக்குக் கை பிறகு.”

அதன்பின் நான் கித்தாரை மூடிவைத்துவிட்டு, கைத்தொலைபேசியிலே மூலப் பதிவுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினேன். ஆங்கிலம் அறியாத அந்தக் கிழவர் அன்று பிற்பகல் சொன்ன அபிப்பிராயங்களுக்கு நிகரானவற்றை நான் எந்தப் புத்தகத்திலும் வாசித்ததில்லை.

ஹேர்ட்டைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. “இவர் நடக்கிறார். வெள்ளன எழும்பித் தோட்டத்துக்குப் போறார். அவசரமில்லை.” பெருவிரல் இரு தந்திகளில் மாறிமாறி விழுவதைக் கையாற் காட்டி, “இது இடக்கால், இது வலக்கால்” என்றார். கரடிப்போக்குத் தெருவிலே நெல்லைக் காலாற் கீறிய பெரியவரை நான் அவ்வேளை கண்முன் கண்டேன்.

அடுத்துப் போட்டது ஸ்கிப் ஜேம்ஸ். பென்ரோனியா என்ற ஊரவர். 1931 இல் பதினெட்டுப் பாட்டுகள் பதிந்துவிட்டு மறைந்துபோய், 1964 இல் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலிலே கண்டுபிடிக்கப்பட்டவர். தந்திகளை வெறுமனே மீட்டினாலும் துயரச்சாயல் எழும்படி சுருதியை மாற்றிக் கட்டி, ஆவி பேசுவதுபோன்ற மெல்லிய உச்சக் குரலிலே பாடுபவர். அவருடைய பெருவிரல் நடப்பதில்லை. நகத்தால் தொட்டெடுக்கும் மற்ற விரல்களோடு பின்னி, அவற்றுக்கு மறுமொழி சொல்லி, சில இடங்களிலே மௌனமாகிவிடும். அண்ணாவியார் நெடுநேரம் பேசவில்லை. “இதில ஒருத்தரும் ஆடேல்லை. செத்தவீட்டுத் திண்ணையில குந்தியிருக்கிற ஆள். எங்கட அரியாத்தை ஒப்பாரி மாதிரி,” என்றார். ஆண்கள் அஞ்சிய மதயானையைப் பிடித்துக் கட்டிய குமுளமுனைப் பெண்ணொருத்தி, பொறாமை கொண்டோர் வெற்றிலையில் வைத்துக் கொடுத்த நஞ்சுக்குப் பலியான கதையை வன்னியார் இன்றும் ஒப்பாரியாகவே சொல்லுகின்றனர். “அதைப் பாடேக்க மத்தளம் வேண்டாம். நெஞ்சுதான் மத்தளம்.”

லைட்னின் ஹொப்கின்ஸைக் கேட்டபோது அவர் புருவத்தைச் சுளித்தார். டெக்சாஸைச் சேர்ந்த இந்த மனிதர், பன்னிரண்டு மாத்திரைக்கட்டு என்று எல்லாரும் எண்ணி வாசிக்கும் அமைப்பைத் தம் விருப்பம்போல் நீட்டுவார், குறைப்பார். சொல்லவேண்டிய வார்த்தை வந்துவிட்டால் பெருவிரலை நிறுத்திவிட்டுச் சொல்லுவார். கித்தார் பதில் சொன்னபின் மறுபடியும் புறப்படுவார். அவரோடு கூட வாசிக்க வந்த தாளக்காரர் பலர் தடுமாறியிருக்கிறார்கள். என் கொப்பியில் அவருக்கு நேரே கேள்விக்குறி ஒன்று போட்டிருந்தேன்.

“இவருக்குக் கணக்குத் தப்புது, என்ன ஐயா?”

“ரெண்டுபேர் எண்டால்தான் தம்பி கணக்கு வேணும், ஆளையாள் விட்டிட்டுப் போகாமல் இருக்கிறதுக்கு. இவர் தனிய நடக்கிற ஆள். வழியில ஆரையும் கண்டால் நிண்டு கதைப்பார். பிறகு நடப்பார்.”

கடைசியாக எலிசபெத் கொட்டன் என்ற மூதாட்டியைப் பற்றிச் சொன்னேன். வடக்குக் கரோலைனாவிற் பிறந்து, வீட்டு வேலைக்காரியாக உழைத்து, அறுபது வயதைக் கடந்தபின் பேர்பெற்றவர். இடக்கையர்; வலக்கையருக்கான கித்தாரைத் தலைகீழாகப் பிடித்துப் பழகியவர். ஆதலால் மற்றெல்லாருக்கும் பெருவிரல் செய்யும் வேலையை அவருக்கு மற்ற விரல்கள் செய்யும். மெட்டைப் பெருவிரல் பாடும். அண்ணாவியாரின் சித்தாந்தத்துக்கு இது பெரிய இடையூறு என்று நான் உள்ளூர நினைத்திருந்தேன். அவரோ பொக்கை வாயாற் சிரித்தார். “இடக்கையன் மத்தளத்தைத் திருப்பிக் கட்டி அடிக்கிறதுதானே. வலந்தலை எந்தப் பக்கம், தொப்பி எந்தப் பக்கம் எண்டு ஆடுறவன் பாக்கிறானோ?”

இராப்போசனத்துக்குப் புதுநெல்லுச் சோறும், புளி தூக்கலான விரால்மீன் குழம்பும், முருங்கையிலை வறையும் வந்தன. சோறு உண்டபின், மண்சட்டியிலே உறைந்த எருமைத் தயிரின்மேல் காட்டுத்தேனை ஒழுகவிட்டு, வீட்டுக்கார அம்மா என் கையில் தந்தார். எங்கள் வீட்டிலே தயிர் கரண்டியால் அளந்து பரிமாறப்படும் பதார்த்தம். இங்கே சட்டியோடு வந்தது.

பின்பு, நிலவு பலாவின்மேல் எழுந்தபோது, அண்ணாவியார் மத்தளத்தை இடுப்பிலே கட்டிக்கொண்டார். பதினாறு வயதுப் பேரன் சதங்கை அணிந்து முற்றத்தில் இறங்கினான். நான் வழக்கப்படி அவருடைய விரல்களைப் பார்க்கத் தொடங்கி, சொன்னது நினைவுக்கு வர, கண்ணைத் தாழ்த்திப் பையனுடைய பாதங்களைப் பார்த்தேன். அப்போதுதான் அது புலப்பட்டது. சுழன்று வரும் கால் சில வேளை சற்று முந்தி விழுந்தது; சில வேளை, பையன் களைத்தபோது, சற்றுப் பிந்தி விழுந்தது. மத்தளத்தின் ஒலி எண்ணிக்கைக்காக அவசரப்படவில்லை. கால் மண்ணைத் தொடும். அந்தக் கணத்திலே கை தோலைத் தொடும். காலத்தை வகுத்துக் கொடுப்பவர் அண்ணாவியார் என்று நான் எண்ணியிருக்க, அவரோ ஒவ்வோர் அடியிலும் பேரனுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். நடை என்ற ஒரே சொல்லாலே நாம் காலின் செயலையும், தாளத்தின் பிரிவையும், எழுதுவோனின் தனிப்பண்பையும் குறிக்கிறோம். இத்தனை வருஷமாக அந்தச் சொல்லை வாயாற் சொல்லிக்கொண்டு, கட்டம் கீறிய கொப்பியிலே விரல்களை எண்ணியிருந்திருக்கிறேன்.

வற்றாப்பளை

மறுநாட் காலையில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிலுக்குப் போனேன். வைகாசிப் பொங்கலன்று இலட்சக்கணக்கில் ஜனங்கள் கூடும் அந்த வீதி, மாசி மாதத்து வேலைநாளிலே, கூட்டிப் பெருக்கும் ஒரு முதியவளையும் இரண்டு மயில்களையும் மாத்திரம் கொண்டிருந்தது. மதுரையை எரித்த கண்ணகி தெற்கே நடந்து நடந்து இலங்கைக்கு வந்து, தங்கிய இடங்களுள் பத்தாவது இது என்றும், பத்தாம் பளையே வற்றாப்பளை ஆயிற்று என்றும் ஐதிகம். கிழவி வேஷத்தில் வந்த அவளுக்கு மாட்டிடையச் சிறுவர்கள் பொங்கிப் படைத்தார்கள். விளக்கேற்ற எண்ணெய் இல்லாதபோது கடல்நீரை ஊற்றி ஏற்றச் சொன்னாள். ஆண்டுதோறும் சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் அள்ளிய உப்புநீரிலே விளக்கெரிக்கும் வழக்கம் அதன் ஞாபகமாகவே நடைபெறுகிறது. மதுரையிலே நின்று வழக்காடியவளை அறிவேன். நடந்து களைத்து, இடையரிடம் சோறு கேட்டவளை இங்கேதான் அறிந்துகொண்டேன்.

கோயிலுக்குப் பின்னால் நந்திக்கடல். முழங்காலளவு நீரிலே ஒருவர் வீச்சுவலையோடு அடிமேல் அடிவைத்துப் போய்க்கொண்டிருந்தார். 2009 இன் வசந்தத்திலே இந்த நீரின் இரு கரைகளிலும் நடந்தவற்றை இங்கே எழுதப் புகேன். அந்த நாட்களில் இதைக் கால்நடையாகக் கடந்தவர்கள் இன்றும் இவ்வூர்களிலே உயிரோடிருக்கிறார்கள், சொல்லவேண்டியது அவர்களுடைய வாய். நான் கரையிலே சிறிது நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

முல்லைத்தீவு

கடற்கரையிலே கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கயிற்றைப் பிடித்த இருபது பேரும் ஒருங்கே குதிக்காலை மணலில் ஊன்றிப் பின்னுக்குச் சாய்ந்தார்கள். இந்நாளையில் எதைப் பார்த்தாலும் காலாகவே தெரியும் நிலைக்கு நான் வந்துவிட்டேன் என்று எண்ணிச் சிரித்துக்கொண்டேன்.

கரையோரத்துச் சிற்றாலயம் ஒன்றின் திண்ணையில், முப்பது வயது மதிக்கத்தக்க ஓர் இளைஞன் கித்தார் வாசித்துக்கொண்டிருந்தான். ஞாயிறு பூசைக்குப் பாடும் குழுவுக்கு வாசிப்பவன். ஒருவரிடமும் பயிலாமல், பெருவிரலும் இரு விரல்களுமாகத் தானே கண்டுபிடித்துக்கொண்ட வாசிப்பு. ஹேர்ட்டின் பெயரை அவன் கேட்டதேயில்லை. ஆயினும், பெருவிரல் இரண்டு தந்திகளிலே மாறிமாறி நடந்தது. நடையிலே ஒரு விசேஷம் இருந்தது: இரண்டாவது அடி ஒவ்வொரு முறையும் மயிரிழை பிந்தி விழுந்தது. அந்தச் சிறு பிந்துதலால் எளிய தேவாலயக் கீதம் ஒரு பெருமூச்சைப் போல் ஆயிற்று. எத்தனை வருஷம் சாதகம் பண்ணினாலும் எனக்குக் கிட்டாத பொருள் அதுதான் என்று மெய்சிலிர்த்தது.

அவன் எழுந்து, தண்ணீர் எடுக்க உள்ளே போனபோது, வலது முழங்காலின்கீழ் அவனுக்குச் செயற்கைக் கால் இருப்பதைக் கண்டேன். திண்ணைச் சீமெந்திலே ஓர் அடி மெதுவாகவும், மற்ற அடி சற்றுப் பிந்தியும் விழுந்தது. அண்ணாவியாரின் வாக்கியம் முழுவதும் நிரூபணமாகிவிட்டது என்று என் உள்ளம் துள்ளியது. தயக்கத்தோடு, எவ்வளவு நயமாகக் கேட்கலாமோ அவ்வளவு நயமாக, அந்தப் பிந்துதலைப் பற்றி அவனிடம் கேட்டேன்.

அவன் என் பார்வை போன இடத்தைக் கவனித்துவிட்டுச் சிரித்தான். “காலால எண்டு நினைக்கிறியளோ? அது இல்லை அண்ணை. இந்த ஐஞ்சாம் கம்பி செத்துப்போச்சு. ரெண்டு வரியமாச்சு மாத்தேல்லை. தட்டினால் சத்தம் எழும்ப நேரமெடுக்கும். அதுக்காகக் கொஞ்சம் பாத்து நிக்கவேணும்.”

நான் வெட்கிப்போனேன். கொப்பிக் கட்டங்களை விட்டொழித்த மறுநாளே மனிதனின் காலை அளக்கத் தொடங்கியிருந்தேன். பரிகாரமாக, என் பெட்டியிலிருந்த புதிய ஐந்தாம் கம்பியை எடுத்து நீட்டினேன். அவன் மறுக்காமல் வாங்கி, முளையைத் தளர்த்தி, துருப்பிடித்த கம்பியைக் கழற்றி, புதியதைக் கட்டிச் சுருதி கூட்டினான். கம்பி மணிபோல ஒலித்தது. அதே கீதத்தை மறுபடியும் எடுத்தான்.

இரண்டாவது அடி முன்போலவே மயிரிழை பிந்தி விழுந்தது.

அவனும் அதைக் கேட்டான். வாசிப்பை நிறுத்தி, வலக்கைப் பெருவிரலை ஒரு தரம் திருப்பிப் பார்த்தான். “கம்பிதான் புதிசு அண்ணை,” என்றான். “கை பழசுதானே.”

கழற்றிய பழங்கம்பியைச் சுருட்டி, ஞாபகத்துக்கு என்று சொல்லி என்னிடம் தந்தான். புதுக்குடியிருப்பு வழியாகப் பரந்தனுக்குத் திரும்பும் பஸ்ஸிலே அதைக் கொப்பியின் முதற் பக்கத்துக்குள் வைத்தேன். இப்போது எடுத்துப் பார்க்கும்போது, கடற்காற்றுப் பட்ட அதன் துரு, நான் கீறிய கட்டங்களின்மேல் ஒரு வளையமாகப் படிந்திருக்கிறது.